பவுண்டரி வாசலில் இரண்டு பெயர்கள்

8-7-96, திங்கள்
விடாத சாரல். துணி காயவில்லை. வியாழக்கிழமை எம்.ஏ. பெண்களுக்கு ஜப்பான் வரலாறு: யோவா சகாப்தம், 1181-82. ஓராண்டுகூட ஓடவில்லை. பீளமேட்டில் எவளுக்கு இது வேண்டும்? பாடத்திட்டத்தில் இருக்கிறது, எடுத்துத் தொலைக்க வேண்டும்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் இரும்பு வார்ப்புப் பவுண்டரியில் புதுப் பலகை. உருக்கிய இரும்பு சிந்தி இரண்டு ஆட்கள் வெந்ததிலிருந்து மச்சாண்டாருக்கு, அதாவது இவருடைய அண்ணனுக்கு, ஜோசியர் சொன்னதுதான் வேதம். மாமனார் வைத்த 'கந்தன்' போய் 'சாந்தி'. இவர், பாகம் பிரித்ததில் வந்த தன் பாதியில் 'கந்தன்' என்றே எழுதி வைத்திருக்கிறார். ஒரே வாசல், இரண்டு பெயர். ஊர் சிரிக்காதா?

வாங்க: சின்ன வெங்காயம், சீயக்காய், இவருடைய பிரஷர் மாத்திரை.

9-7, செவ்வாய்
சாப்பிடும்போது இவரிடம் யோவா கதை. சிரிக்கட்டும் என்றுதான் சொன்னேன். பஞ்சம், கலகம், தெருவெல்லாம் பிணம். ராஜா குழந்தை. பீடை ஒழியட்டும் என்று அரண்மனையில் சகாப்தத்தின் பெயரையே மாற்றினார்கள். யோவா என்றால் அமைதியை வளர்ப்பது. கிழக்கே எதிரிப் படைத் தலைவன் ஒத்துக்கொள்ளவில்லை. பழைய பெயரிலேயே ஆண்டை எண்ணினான்.

"கடைசீல யாரு செயிச்சாங்க?"

"கிழக்க இருந்தவனுங்கதானுங்க."

"பாத்தியா அம்மணி!" தொடையில் ஒரு தட்டு. "அரமணைக்காரங்க சும்மாவா இருந்தாங்க?"

"மறுக்காவும் பேரை மாத்துனாங்க. நீண்ட ஆயுள்னு."

"அப்புறம்?"

குக்கர் விசில். எழுந்து போய்விட்டேன்.

10-7, புதன்
காலையில் சம்மட்டியோடு போயிருக்கிறார். 'சாந்தி' பலகையை உடைத்து வாசலில் போட்டு மிதித்திருக்கிறார். மச்சாண்டார் ஓடி வந்து இவர் கழுத்தைப் பிடித்தாராம். "எங்குடியக் கெடுக்கறயாடா!" இவர் சம்மட்டிப் பிடியால் அண்ணன் வாயில் அடித்தார். பல் தெறித்தது. மச்சாண்டார் கையில் கிடைத்தது இரும்புக் கம்பி. இவர் மண்டையிலேயே போட்டார். கீழே விழுந்த பிறகும் விடவில்லை.

மணலில் அச்சுப் பிடிக்கிற மோல்டர் ஆறுமுகம் அழுதுகொண்டே சொன்னது: "ரெண்டு பேர்த்தையும் புடிக்க முடியலீங்க. மணலெல்லாம் ரத்தமுங்க."

மண்டையோட்டில் விரிசல். ஆபரேஷன். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். கூடப் பிறந்தவர்களா இவர்கள்? வெறி பிடித்த நாய்கள். கம்பியைப் பிடித்த அந்தக் கையை நானே ஒடிக்க வேண்டும்.

11-7, வியாழன்
பாடம் எடுக்கவில்லை. லீவு சொல்லவும் மறந்தேன். டாக்டர்: கண் திறந்தால்தான் எதுவும் சொல்ல முடியும். மச்சாண்டார் போலீஸ் ஸ்டேஷனில். பிரஷர் மாத்திரை என் பையிலேயே.

12-7, வெள்ளி
மழை விட்டது. மச்சாண்டார் மனைவி ஆஸ்பத்திரிக்கு வந்தார், பிளாஸ்க்கில் காபியோடு. "மன்னிச்சுக்க கண்ணு" என்று காலைப் பிடித்தார். உதறினேன். மூக்கைச் சிந்தினார்.

"ஜோசியரைப் பாத்துப்போட்டுத்தான் வாரேன். சாந்திங்கற பேரு ஆகலையாமா. வேற குடுத்திருக்காரு. பெயிண்டருக்கும் சொல்லிப்போட்டேன்."

"என்ன பேருங்கக்கா?"

"தீர்க்காயுள்."

கத்திவிட்டேன். பிளாஸ்க்கைத் தட்டிவிட்டேன். காபி சுவரெல்லாம். நர்ஸ் ஓடி வந்தாள்.

ஜப்பானில் அந்தப் பெயர் வைத்த பிறகுதான் படை தலைநகருக்குள்ளேயே வந்தது. அரண்மனைக்காரர்கள் குழந்தை ராஜாவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். கடைசியில் கடலில் குதித்தார்கள், குழந்தையோடு.

இவர் கேட்ட "அப்புறம்" இதுதான். காதோரம் குனிந்து முழுக்கச் சொன்னேன். கண் திறக்கவில்லை.