கடலுக்குள் இருக்கும் நம் கோயில்

அன்புள்ள அம்மாவுக்கு, தாம்பரத்திலிருந்து ஆபேல் எழுதுவது. நான் நலம், ஹாஸ்டல் சாம்பார்தான் நலமில்லை. உங்கள் முட்டிவலியும் அப்பாவின் இருமலும் எப்படி இருக்கின்றன?

பள்ளிக் கண்காட்சிக்கு அவரவர் ஊரின் வரலாற்றை வரையச் சொன்னார்கள். கடல் கொண்டுபோன நம் பழைய மாதா கோயிலைத் தண்ணீருக்குள் வரைந்தேன். அதற்கு மேலே படகு போகும்போது இன்ஜினை நிறுத்திச் சிலுவை போட்டுக்கொள்வோம் என்றும் எழுதினேன். பியூலா மிஸ் சார்ட்டைச் சுவரிலிருந்து எடுத்துவிட்டார்.

"இதுலயும் உன் விளையாட்டா, ஆபேல்?"

"சத்தியமா மிஸ். எங்கப்பா டெய்லி நிறுத்துவாரு."

"மாடம்பாக்கம் ஏரியில முதலைன்னும் சத்தியம்தான் பண்ண."

அந்த முதலையை ஹாஸ்டலே நம்பியது, அம்மா. என் அறையிலிருக்கும் முதாசிர் டார்ச்சோடு போய்த் தேடினான். உண்மையைச் சொன்னால் மட்டும் ஒருவரும் நம்பவில்லை. எல்லார் ஊரும் சுவரில் தொங்குகிறது, நம் ஊர் என் கட்டிலுக்கடியில் கிடக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கண்காட்சி. நீங்களே வந்து மிஸ்ஸிடம் சொல்லுங்கள். நெத்திலிக் கருவாடும் ஒரு தலையணை உறையும் கொண்டுவாருங்கள். உறை புதிதாக வேண்டாம், வீட்டில் இருப்பதே போதும்.

அதற்குள் மிஸ் நம்பிவிட்டாலும் உங்களுக்குத் தெரிவிக்கமாட்டேன். எப்படியும் வாருங்கள்.

மணி அடித்துவிட்டார்கள்,
ஆபேல்