அரை ஸ்பூன் ரத்தம்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் தம்பியும் நன்றாக இருக்கிறோம், மாடிப்படியைக் கண்டால் என் முழங்கால் மட்டும் முரண்டு பிடிக்கிறது, மற்றபடி ஒரு குறையுமில்லை. நீயும் மாப்பிள்ளையும் அங்கே சுகமாக இருப்பீர்கள் என்ற தெம்பில்தான் எழுத உட்கார்ந்தேன். தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, அன்றிலிருந்து தினமும் சட்டைக்கு இஸ்திரி போடுகிறான், எத்தனை நாளைக்கோ பார்ப்போம். இதைப் போனில் சொல்லியிருக்கலாம், ஆனால் நீ பாதியிலேயே அழுதுவிடுவாய், உன் குரலைக் கேட்டு நானும் அழுவேன், விஷயம் அந்தரத்தில் நின்றுவிடும்.

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு டாக்டரம்மா கூப்பிட்டார். அப்பா வேலை பார்த்த கச்சா எண்ணெய் ஆலையில் இருந்தவர்கள் எல்லோரையும், நாலாயிரம் பேரை, முப்பது வருஷமாக ஒருவர் விடாமல் கவனித்து வருகிறார்களாம், யார் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள், எதனால் போனார்கள் என்று. போய்ப் பார்த்தேன். மருத்துவமனையில் ஓர் அறை முழுக்க இரும்பு அலமாரி, ஆளுக்கொரு அட்டை. இருப்பவர்களுக்குப் பச்சைப் பட்டை, போனவர்களுக்கு வெள்ளை. நம் வீட்டில் ஒரு சாவி வைத்த இடம் நமக்கு நினைவிருப்பதில்லை, இவர்கள் நாலாயிரம் உயிரைத் தொலைக்காமல் வைத்திருக்கிறார்கள். எண்ணெய் வேலை பார்த்தவர்கள் எல்லோருக்கும் ஆயுசு குறைவா என்று கேட்டேன். "மொத்தமா பாத்தா வெளியில இருக்கறவங்களவிட கொஞ்சம் அதிக வருஷமே இருந்திருக்காங்கம்மா, கெட்டியான உடம்பாப் பாத்துத்தானே வேலைக்கு எடுக்கறாங்க. ஆனா டாங்க்குக்குள்ள எறங்கிக் கழுவினவங்கள மட்டும் பிரிச்சுப் பாத்தா, ரத்தத்துல வர்ற நோய் ஜாஸ்தியா இருக்கு" என்றார். அப்பா பன்னிரண்டு வருஷம் இறங்கியவர் என்று உனக்குத் தெரியும்.

பிறகுதான் விஷயத்துக்கு வந்தார். அப்பாவின் ரத்தம் இன்னும் இருக்கிறதாம். ஆமாம், நானும் இரண்டு தடவை கேட்டுத்தான் நம்பினேன். அந்த ரத்த நோயில் அவர் போய்ப் பத்தொன்பது வருஷம், அதற்கும் ஆறு வருஷம் முன்னால் ஆலையில் எல்லோரிடமும் ரத்தம் எடுத்து உறைய வைத்தார்களே, அது. அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது, கையில் பஞ்சோடு வந்து, "கம்பெனிக்கு ரத்தமே குடுத்துட்டு வந்திருக்கேன், இன்னைக்கு எனக்கு ஒரு வேலையும் சொல்லாத" என்று கட்டிலில் சாய்ந்தார், நீயும் உன் பொம்மைக்குப் பஞ்சு ஒட்டி அவர் பக்கத்தில் படுக்க வைத்தாய். குளிர்பெட்டியைத் திறந்ததும் புகை மாதிரி வந்தது. ஒருவர் தடித்த கையுறை போட்டு என் சுண்டுவிரல் நீளத்தில் ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். அரை ஸ்பூன் இருக்கும், செங்கல் நிறம். பெயர் இல்லை, எண்ணும் தேதியும்தான். தொடலாமா என்றேன். கைச்சூடு பட்டால் கெட்டுவிடும் என்றார்கள். கண்ணால் மட்டும் பார்த்தேன், பத்து விநாடி இருக்குமா, அவ்வளவுதான்.

நோய் அப்போதே தெரிந்திருக்குமா என்று அதைப் பரிசோதிக்க வீட்டாரின் சம்மதம் வேண்டுமாம். பரிசோதித்தால் மிச்சம் இருக்காது என்பதையும் டாக்டரம்மா மறைக்காமல் சொன்னார். யோசித்துச் சொல்கிறேன் என்று வந்துவிட்டேன். அப்பாவிடமிருந்து இந்த உலகத்தில் மிஞ்சியது அவ்வளவுதான், அதையும் கொடுத்துவிடுவதா என்று ஒரு வாரம் தள்ளிப்போட்டேன். கடைசியில், அப்பாவோடு டாங்க் வேலை பார்த்த கயிறு மாமாவைப் போய்ப் பார்த்தேன், எழுபத்து நாலு வயது, இன்னும் சைக்கிள் ஓட்டுகிறார். அவர் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அவன் உள்ள எறங்கினா மேல நின்னு கயிறு புடிக்கறது நான், தங்கச்சி. எனக்குத் தலை சுத்தும்னு அவன்தான் என்னை எறங்க விடமாட்டான். நான் மேல காத்து வாங்கினேன், அவன் உள்ள அந்த வாடைய வாங்கினான். வேற ஒரு வித்தியாசமும் எங்களுக்குள்ள இல்ல. குடுத்துடு." மறுநாளே போய்க் கையெழுத்துப் போட்டேன். உன்னையும் தம்பியையும் கேட்டிருக்க வேண்டும். கேட்டால் நீ வேண்டாம் என்பாய், நீ சொன்னால் நான் மீற மாட்டேன், அதனால்தான் கேட்கவில்லை. கோபம் இருந்தால் என்னோடு வைத்துக்கொள்.

போன வாரம் முடிவு வந்தது. அப்பா ஓடியாடித் திரிந்த அந்த நாளிலேயே ரத்தத்தில் நோயின் தடம் இருந்திருக்கிறது. அவர் மாதிரி போன இன்னும் எட்டுப் பேருடையதிலும் அதே தடம். அதை வைத்து, உயிரோடு இருப்பவர்களின் பழைய குழாய்களையும் பார்த்திருக்கிறார்கள். இரண்டு பேரிடம் இருந்தது. கூப்பிட்டுச் சோதித்ததில் ஒருவருக்கு நோய் இப்போதுதான் ஆரம்பம், மருந்து தொடங்கியாகிவிட்டது, நல்ல நேரத்தில் பிடித்துவிட்டோம் என்றார் டாக்டரம்மா. யார் என்று கேட்டேன், சொல்லக்கூடாதாம், அவரிடமும் நம்மைப் பற்றிச் சொல்ல மாட்டார்களாம்.

நீயும் எண்ணெய் டாங்க்குகளுக்கு நடுவில்தான் வேலை பார்க்கிறாய். வருஷாந்தர ரத்தப் பரிசோதனையை இரண்டு தடவை தள்ளிப்போட்டதாக மாப்பிள்ளை சொன்னார், அவரைத் திட்டாதே, நான்தான் துருவிக் கேட்டேன். இந்த வாரமே போய்க் கொடுத்துவிட்டுத் தேதியை எனக்கு எழுது. நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட ஆயுசோடு இருக்க வேண்டும், எனக்கு வேறு ஆசை இல்லை.

இப்போதெல்லாம் சாயங்காலம் காய் வாங்கப் போகும்போது மருத்துவமனை நிறுத்தத்தில் கொஞ்சம் நிற்கிறேன். பஸ்ஸிலிருந்து வயதானவர்கள் யாராவது கைப்பிடியைப் பிடித்து மெதுவாக இறங்கினால், அந்த ஒருவர் இவராக இருக்குமோ என்று முகத்தைப் பார்க்கிறேன். நேற்று ஒருவர் என்னைத் தெரிந்தவள் என்று நினைத்து, நல்லா இருக்கீங்களா என்று கேட்டுவிட்டுப் போனார்.

என்றும் உன் நினைவாக,
அம்மா