பாடகி வலப்பக்கம் நகர்கிறாள்

என் அருமை வாலுக்கு,

பாட்டி எழுதுவது. வீட்டில் மூன்று பேரும் சுகம். உன் அம்மாவுக்கு முழங்கால் வலி தேவலை. உன் அப்பா எல்லோரிடமும் குறை கண்டுபிடித்துக்கொண்டு ஆரோக்கியமாக இருக்கிறான். பத்து நாள் ஒரே விடுதியில் இருப்பேன் என்று அம்மாவிடம் சொன்னாயாமே, அந்த முகவரிக்குத்தான் எழுதுகிறேன். போனில் பேசினால் நீ லைன் சரியில்லை என்று வைத்துவிடுகிறாய். ஐந்தாவது படித்தவள் எழுத்து, கோணல் மாணலாகத்தான் இருக்கும். பொறுமையாகப் படி, கண்ணு.

உன் பதிவறையைத் தினமும் பெருக்கி வைக்கிறேன். சுவரில் நீ மாட்டிய கம்பளிகளைத் துவைக்கப் போட வேண்டும் என்று உன் அப்பா வந்தான். சத்தம் சுவரில் முட்டித் திரும்பாமல் இருக்க மாட்டியது, கையை வைக்காதே என்று விரட்டிவிட்டேன். மைக்கை மூலையில் வைக்கக் கூடாது, வாய்க்கும் அதற்கும் ஒரு சாண் இருக்க வேண்டும், பதியும்போது மின்விசிறி ஓடக் கூடாது, எல்லாம் எனக்கு மனப்பாடம். மேல்மாடித் தையல்காரி தன் தங்கைக்கு ஒரு வாழ்த்துப் பாட்டு அனுப்ப ஆசைப்பட்டாள். நான்தான் பதிந்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டு, உன் பேத்தி பாடறதும் இல்ல, வாசிக்கறதும் இல்ல, பொத்தானைத்தானே மேலயும் கீழயும் தள்ளறா என்றாள். அவ தள்ளலைன்னா உன் பாடகி தொட்டி மீன் மாதிரி வாயைத்தான் திறந்து மூடணும்டி என்றேன். பாடகியின் குரல் கேட்கவில்லை என்றால் அவள் சத்தத்தை ஏற்றக் கூடாது, சுற்றி இருப்பவர்களை இறக்க வேண்டும், அது எல்லோருக்கும் வருமா என்றும் கேட்டேன்.

மத்தியானம் வேலை முடிந்ததும் அந்த அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். நீ விடுதி அறையில் உட்கார்ந்து சரிசெய்து அனுப்புகிற கச்சேரிகளை ஹெட்போனில் போட்டுக் கேட்பேன். தண்ணீருக்குள் இறங்கியது போல வீடு மறைந்துவிடும். கைத்தட்டல் எங்கோ தகரக் கூரையில் மழை பெய்கிற மாதிரி வரும். டிரம்ஸ் பின்னால், கிதார் இந்தப் பக்கம், புல்லாங்குழல் அந்தப் பக்கம், நட்ட நடுவில் என் மூக்குக்கு நேராகப் பாடகி. கண் செருகும். செருப்பில்லாமல் அந்த மண்டபத்துக்குள் நடந்து போவேன். டிக்கெட் எங்கே என்று ஒருவரும் கேட்பதில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் நீ உட்கார்ந்திருப்பாய். நீ பொத்தான் தள்ளுகிற பலகையின் சின்னச் சின்ன விளக்கெல்லாம் உன் முகத்தில் பட்டு மின்னும். கூப்பிட்டால் வேலை கெடும் என்று பேசாமல் கடந்துபோவேன்.

மூன்று கச்சேரிக்கு முன் பாடகி கொஞ்சம் வலப்பக்கம் தள்ளி நின்றாள். கால் வலிக்கிறது போல, நகர்ந்து நிற்கிறாள் என்று நினைத்தேன். அடுத்த கச்சேரியில் இன்னும் நகர்ந்தாள். போன வாரம் நீ அனுப்பியதில் திரைச்சீலை ஓரத்துக்கே போய்விட்டாள். யாரோ எழுந்துபோன நாற்காலி மாதிரி நடு இடம் காலியாகக் கிடந்தது. நானும் பின்னாலேயே போனேன், அம்மா, கொஞ்சம் நில்லுங்க என்று. திரும்பாமல் பாடிக்கொண்டே போனாள். விழித்தபோது என் கழுத்து வலப்பக்கம் திருகி இருந்தது.

முதலில் என் காதுதான் போய்விட்டது என்று பயந்தேன். ஹெட்போனைக் கழற்றி மாற்றி மாட்டினேன். அவள் இடப்பக்கம் வந்துவிட்டாள். அப்படியானால் கோளாறு என் காதில் இல்லை. போன வருஷக் கச்சேரி ஒன்றைப் போட்டேன். நடுவில் நின்று பாடினாள். அப்படியானால் ஹெட்போனிலும் இல்லை.

போன தடவை நீ வந்திருந்தபோது உன் வலப்பக்கம் நின்று டீ வேண்டுமா என்று மூன்று முறை கேட்டேன். அம்மா தோளைத் தொட்ட பிறகுதான் திரும்பினாய். ஏதோ யோசனையில் இருந்தேன் என்றாய். போனையும் இப்போது இடது காதில்தான் வைக்கிறாய். சின்ன மண்டபங்களில் உன் பலகையை வலப்பக்கத்துப் பெரிய ஸ்பீக்கரோடு ஒட்டிப் போட்டுவிடுகிறார்கள் என்று நீயே ஒருநாள் அலுத்துக்கொண்டாய். அந்தப் பக்கம் குறைவாகக் கேட்கிறது என்று கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றியிருக்கிறாய். உன் காதுக்கு அவள் நடுவில்தான் நிற்கிறாள், தங்கம்.

நீ ஏன் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். விஷயம் வெளியே போனால் பலகை முன்னால் உட்கார விடமாட்டார்கள். உன் அப்பா, நான் அப்பவே சொன்னேன் என்று ஆரம்பிப்பான். அதனால் நான் மூச்சு விடவில்லை.

நேற்றுக் காது டாக்டரிடம் போனேன். உன் அறை மாதிரியே ஒரு சின்ன அறை, சுவரெல்லாம் மெத்தை. ஹெட்போனை மாட்டி, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். இந்த வயசுக்கு அருமையான காது என்றார். பிறகு, தெரிந்த பெண் ஒருத்தி, சத்தத்தில் வேலை, வலது காது மட்டும் மந்தமாகிறது போலிருக்கிறது என்றேன். பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஒரு பக்கம் மட்டும் குறைஞ்சா நாளைக் கடத்தக் கூடாதும்மா, சில கோளாறை உடனே வந்தா சரி பண்ணலாம், விட்டா திரும்பாது, முதல்ல அந்தச் சத்தத்தை விட்டு நகரச் சொல்லுங்க என்றார்.

வீட்டுக்கு வந்து எனக்குத்தான் காது கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன். உன் அப்பா என் முகத்துக்கு நேரே வந்து கத்துகிறான். தையல்காரி கையால் ஜாடை காட்டுகிறாள். எல்லாவற்றுக்கும் இரண்டு தடவை என்ன, என்ன என்று கேட்கிறேன். பக்கத்து அறையில் என்னைப் பற்றிக் குசுகுசுப்பது அட்சரம் பிசகாமல் கேட்கிறபோது முகத்தை மாற்றாமல் இருப்பதுதான் கஷ்டமாக இருக்கிறது.

புதன்கிழமை காலை பத்து மணிக்கு டாக்டரிடம் என் பெயரில் நேரம் வாங்கியிருக்கிறேன். உங்கள் குழுத் தலைவரிடம், பாட்டிக்குக் காது போய்விட்டது, என்னை விட்டால் கூட்டிப்போக ஆளில்லை என்று சொல். அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். மெத்தை அறைக்குள் நீ போ, நான் வெளியே உட்கார்ந்திருக்கிறேன். புதனுக்குள் வர முடியாது என்றால் இதைப் படித்த கையோடு அங்கேயே ஒரு டாக்டரைப் பார். என் வார்த்தையைத் தட்டாதே, கண்ணு.

உனக்கு ஒரு குறையும் வராது, நன்றாக இருப்பாய். எந்த வண்டி என்று மட்டும் ஒரு வரி எழுதிப் போடு, நிலையத்துக்கு வந்து நிற்கிறேன். அங்கிருந்து நடந்தே போகலாம். உன் இடது கைப் பக்கமாகவே வருகிறேன், எனக்கு உன்னிடம் பேச நிறைய இருக்கிறது.

உன்னை எண்ணிக்கொண்டே இருக்கும்,
பாட்டி