நஸ்ரின் கட்டிய சுவர்

சனிக்கிழமை, இரவு.

நஸ்ரின் மருதமுனைக் கடற்கரையில் கட்டிய வீட்டை இன்று பார்த்தேன். நானும் அவளும் ஒன்றாகக் கட்டடக்கலை படித்தவர்கள். கடலைப் பார்த்த சுவரை வளைத்துக் கட்டி, அதில் மண்முட்டிகளை வாய் வெளியே தெரியப் பதித்திருக்கிறாள். காற்று அடித்தால் சுவர் முழுதும் ரீங்கரிக்கிறது. பார்க்க வந்த சனம் வாய் பிளந்து நின்றது. நான் எங்காவது வெடிப்புத் தெரிகிறதா என்று தேடிக்கொண்டிருந்தேன்.

எங்கள் வீட்டுக்கு நான் வளைந்த சுவர் வரைந்தபோது, "சுவர் வளைஞ்சா அலுமாரிய எங்க வெக்கிற?" என்று வாப்பாதான் மறுத்தார். இன்று அதே வாப்பா நஸ்ரினின் சுவரில் காதை வைத்துச் சின்னப்பிள்ளை போலச் சிரித்தார்.

"மகள், உனக்கும் இப்பிடி ஒண்டு கட்டேலாதா?" என்றார்.

நஸ்ரின் ஓடிவந்து என் கையைப் பிடித்தாள். "எப்பிடிடி இரிக்கி? நீ சொன்னாத்தான் எனக்கு நம்பிக்கை."

"மழை பேஞ்சா முட்டிக்குள்ள தண்ணி நிக்கும். நுளம்பு வரும்," என்றேன்.

அவள் முகம் வாடியது. "அதுக்குத்தான் வெளிப்பக்கம் சரிச்சு வெச்சிரிக்கன்," என்று மெதுவாகச் சொன்னாள்.

அந்தச் சரிவை நான் வந்தவுடனேயே பார்த்திருந்தேன்.

எல்லோரும் சாப்பிடப் போன பிறகு நானும் சுவரில் காதை வைத்தேன். நெஞ்சுக்கூடு வரை அதிர்ந்தது. வாப்பா கூப்பிடும்வரை காதை எடுக்க மனம் வரவில்லை.

இப்போது அவளுக்கு அழைக்கலாம் என்று போனை எடுத்தேன். "நல்லா இரிக்கி" என்று சொன்னால் போதும். வாய் வரவில்லை. வைத்துவிட்டேன்.