ஐந்து மேகசினும் இரண்டு சாவியும்

மே 3, சனி

காலையிலிருந்து தூறல். ரேஞ்சில் சேறு, ஷூ நாசம். ஆனாலும் போனேன். துப்பாக்கி சுடும் கிளப்பில் சேர்ந்து ஆறு மாதம் முடிந்தாயிற்று, ஒரு சனிக்கிழமையைக்கூட விட்டதில்லை. மழைக்காக இன்றைக்கு விடுவேனா.

கிளப் துப்பாக்கியில்தான் சுட்டேன். ஓடி, நின்று, சுட்டு, மேகசின் (குண்டு அடைக்கும் பெட்டி) மாற்றி, மறுபடி ஓட்டம். எட்டு அட்டை, இரண்டு இரும்புத் தட்டு. மாற்றும்போது ஒரு மேகசின் கை நழுவிச் சேற்றில். கடைசியிலிருந்து மூன்றாவது இடம். போன மாதம் கடைசி. முன்னேற்றம்தான்.

சொந்தமாகத் துப்பாக்கி வாங்க என் பட்டியல் (நாலு மாத வீடியோ, மூன்று ஃபோரம், ஒரு எக்செல்):

- ஆஸ்திரியாக்காரன். பிளாஸ்டிக் உடம்பு. எல்லோரிடமும் இருக்கிறது. மேகசின் மலிவு, எங்கும் கிடைக்கும். பிடி என் கைக்குச் செங்கல் மாதிரி.
- செக் நாட்டு இரும்பு. கனம், அதனால் உதைப்பு குறைவு. கனவு. விலையும் கனவில் மட்டும்.
- துருக்கி. செக்கைப் பார்த்துச் செய்த நகல். பாதி விலை. ஃபோரத்தில் பாதிப் பேர் திட்டுகிறார்கள், மீதிப் பேர் அதை வைத்தே ஜெயிக்கிறார்கள்.

ஜெகன் அண்ணா தன் துருக்கியை விற்கிறார். கிளப்பில் என்னைத் தவிர ஒரே தமிழர், யாழ்ப்பாணம், லின்ஃபீல்டில் வீடு, போட்டி நாளில் டைமர் பிடிப்பவர். இனி ஜெ. என்று எழுதுகிறேன். மேலே கண்ணாடி வைத்துக் குறிபார்க்கும் வகைக்கு மாறுகிறாராம். துருக்கியும் ஐந்து மேகசினும் சேர்த்து ஒரே விலை, என்னால் முடிகிற விலை. ஃபோனில் எக்செலைத் திறந்து விளக்க ஆரம்பித்தேன்.

"உந்தக் கணக்கை மூடி வையும் தங்கச்சி. முதல் கையிலை பிடிச்சுப் பாரும்."

பிடித்தேன். விரல் டிரிக்கருக்கு எட்டியது, நீட்டாமல், நெளிக்காமல். நாலு மாத எக்செல் நாலு விநாடியில் காலி.

ஆனால் பிஸ்டல் அனுமதி இன்னும் கையில் இல்லை. வெள்ளிக்கிழமை லைசன்ஸ் ஆபீசர் வீட்டுக்கு வந்து துப்பாக்கி வைக்கும் சேஃபைப் பார்க்கிறார், என் புருஷன் கார்த்தியிடம் தனியாகப் பேசுகிறார். அதில் தேறினால்தான் மற்றதெல்லாம். ஜெ. சொன்னது:

"வெள்ளிக்கிழமை பின்னேரம் வரைக்கும் வைச்சிருப்பன். அதுக்குப் பிறகு, வாங்கவெண்டு நிக்கிற கிளென்ஃபீல்ட் ஆள் கேட்டா ஓம் எண்டுதான் சொல்லுவன்."

விட மாட்டேன்.

மே 4, ஞாயிறு

வெயில். இரண்டு லோடு துணி காய்ந்தது.

மேகசின் கணக்கு: ஒரு சுற்றுக்கு அதிகபட்சம் முப்பத்திரண்டு குண்டு. எங்கள் பிரிவில் ஒரு மேகசினில் பதினைந்துதான் போடலாம். மூன்று போதும். ஆனால் கணக்கு சேற்றில் விழாது, மேகசின் விழும். ஆகவே ஐந்து.

ஃபோரத்தில் ஒரு ஞானி: செக் மேகசின் துருக்கியில் அப்படியே பொருந்துமாம். ஜெ.யிடம் கேட்டேன். பதிலுக்கு வீடியோ. உள்ளே போகிறது, சுடுகிறது, பட்டனை அழுத்தினால் கீழே விழ மாட்டேன் என்கிறது. பிடித்து இழுக்க வேண்டும். அதற்குள் போட்டி முடிந்துவிடும். துருக்கிக்குத் துருக்கியே.

சாயங்காலம் ஹாலில் பயிற்சி. பெல்ட், அதில் மூன்று பவுச், மூன்றிலும் மேகசினுக்குப் பதில் பவர் பேங்க். உருவு, திருப்பு, செருகு. நூறு தடவை. சோபாவிலிருந்து அத்தை பார்த்துக்கொண்டே இருந்தார். அத்தை என்றால் கார்த்தியின் அம்மா. ஈரோட்டிலிருந்து ஆறு மாத விசாவில் தகனினியில் எங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார், இது மூன்றாவது மாதம்.

"என்ன கண்ணு, பஸ்ல கண்டக்டரா போறியா?"

கார்த்தி விழுந்து விழுந்து சிரித்தான். நானும் சிரித்துவிட்டேன். அதனால் எண்ணிக்கை விட்டுப்போய் மறுபடி ஒன்றிலிருந்து.

மே 6, செவ்வாய்

மேகமூட்டம். வீட்டிலிருந்து வேலை. மதியம் பிரேக்கில் சேஃபைத் துடைத்து வைக்கலாம் என்று போனேன். வெள்ளிக்கு மூன்றே நாள். போன மாதம் டிரில் வாடகைக்கு எடுத்து, நானும் கார்த்தியும் சின்ன ரூம் அலமாரிக்குள் கான்கிரீட் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியது. துப்பாக்கி வரும்வரை காலிதானே என்று சாவிகளை டிராயரில் போட்டிருந்தேன்.

டிராயரில் சாவி இல்லை. கார்த்திக்கு ஃபோன்.

"அம்மாகிட்ட இருக்கும்டி. கேட்டாங்க, குடுத்தேன்."

அத்தை திறந்து காட்டினார், பெருமையாக. உள்ளே:

- அத்தையின் ஆரம், நாலு வளையல்
- என் கல்யாண நகை டப்பா (எனக்கே தெரியாமல்)
- மூன்று பேர் பாஸ்போர்ட்
- வெள்ளிக் குங்குமச் சிமிழ்
- கதவு உள்பக்கம் சந்தனம், மேலே குங்குமப் பொட்டு

போன வாரம் அட்சய திருதியை. புது பீரோவை அன்றைக்கு வெறுமனே வைக்கலாமா என்று கேட்டார். இவ்வளவு பலமான பீரோ ஈரோட்டில்கூட இல்லையாம். சாவி இரண்டும் அவர் இடுப்புக் கொத்தில், ஈரோட்டு வீட்டுச் சாவிகளோடு.

சட்டம் ரொம்ப எளிது: சாவி லைசன்ஸ்காரர் கைக்கு மட்டும். புருஷனுக்குக்கூட இருக்குமிடம் தெரியக்கூடாது. இங்கே என்னவென்றால் லைசன்ஸ்காரியைத் தவிர வீட்டில் எல்லோருக்கும் தெரிகிறது.

கார்த்தி வந்ததும் பிடித்துக்கொண்டேன். அவன் நிஜமாகவே யோசிக்கவில்லை. பீரோ என்றால் சாவி அம்மாவிடம், அதில் யோசிக்க என்ன இருக்கிறது என்கிறான். அவன் வளர்ந்த வீடு அப்படி. நான் வளர்ந்த வீடும்தான்.

ராத்திரிச் சாப்பாட்டில் சொல்லிவிட்டேன். சாவி இரண்டும் வேண்டும், நகை வெளியே போக வேண்டும். அத்தை தட்டிலிருந்து கையை எடுத்தார்.

"அப்ப எம்பையனுக்கும் இல்லியா?"

"இல்லீங்க அத்தை."

"கட்டுன புருஷனுக்கே?"

"சட்டம் அப்படித்தாங்க."

"சட்டமா, நீயா?"

"ரெண்டுந்தாங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. வாபஸ் வாங்கவில்லை.

மே 7, புதன்

மழை. மோட்டர்வேயில் ஒன்றேகால் மணி நேரம்.

அத்தை என்னோடு பேச்சில்லை. நான் எதிரே நிற்கும்போதே கார்த்தியிடம்: "உப்பு வேணுமான்னு கேளு."

மாடிப்படியில் காதில் விழுந்தது, ஈரோட்டுத் தங்கையிடம் ஃபோனில்: "கல்யாணமாகி வந்து இருபது வருஷம் கழிச்சுத்தான் எங்க மாமியா எனக்கு சாவி குடுத்தாங்க. இவ ரெண்டு வருஷத்துல புடுங்கறா. அதும் எதுக்கு, துப்பாக்கி வெக்க."

அது கொஞ்சம் குத்தியது. இருபது வருஷம்.

அப்புறம் கார்த்தியின் பிளான். வெள்ளிக்கிழமை ஒரு மணி நேரம் நகையை எடுத்து ஒளித்து வைப்போம். சாவி உன்னிடம்தான் எப்போதும் இருக்கிறது என்று நானும் சொல்கிறேன். ஆபீசரம்மா போனதும் பழையபடி. அம்மா ஊருக்குப் போக மூன்று மாதம்தானே, துப்பாக்கி வரவும் அவ்வளவு நாளாகுமே. யாருக்கும் வருத்தமில்லை என்கிறான்.

உண்மையைச் சொன்னால் பத்து நிமிஷம் ஆசையாகத்தான் இருந்தது. ஜெ.க்கு ஃபோன் போட்டேன். அவர் அறிவுரை எதுவும் சொல்லவில்லை. அவருடைய விசாரணையில் ஆபீசர் மனைவியிடம் முக்கால் மணி நேரம் தனியாகப் பேசினாராம், ஒரே கேள்வியை மூன்று விதமாகக் கேட்டாராம்.

"உம்மட மனுசன் பொய் சொல்லுவாரோ?"

கார்த்தி காபி கொட்டினாலே முகத்தில் தெரியும்.

ஆனால் அதற்காக மட்டும் மறுக்கவில்லை. இருபத்தாறு வயது. எனக்கென்று ஒரு பூட்டு இருந்ததே இல்லை. ஹாஸ்டலில் இரண்டாவது சாவி வார்டனிடம். கல்யாணமானதும் என் நகை மாமியார் பீரோவில், சாவி மாமியாரிடம். இப்போது ஒரு நாட்டின் சட்டமே சொல்கிறது, இந்தச் சாவி உன்னுடையது, வேறு யாருக்கும் இல்லை என்று. ஆறு மாதமாகத் தொல்லை என்று திட்டிய விதி. இன்றைக்கு அதைக் கட்டிப்பிடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

கார்த்தியிடம் முடியாது என்றேன். அவன்: "எனக்குக்கூட எங்கன்னு சொல்ல மாட்டியா?"

"உனக்குத்தான்டா முதல்ல சொல்ல மாட்டேன்."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டான். தூக்கட்டும்.

மே 8, வியாழன்

காற்று. பக்கத்து வீட்டுக் குப்பைத்தொட்டி எங்கள் வாசலில்.

வேலையிலிருந்து வந்தால் சேஃப் காலி. நகை முழுக்க அத்தையின் சூட்கேஸில், நம்பர் பூட்டுப் போட்டு. என் டப்பாவை மட்டும் என் தலையணை மேல் வைத்திருந்தார். சாவி இரண்டும் ரைஸ் குக்கர் பக்கத்தில் மேடையில். கையில் கொடுக்கவில்லை. நன்றி சொன்னேன். அத்தை கார்த்தியைப் பார்த்து, "நக வெக்காத பீரோ என்ன பீரோ," என்றார்.

கதவில் பொட்டை அழிக்கவில்லை. அது எந்தச் சட்டத்திலும் இல்லை.

சாவியை எங்கே வைத்தேன் என்று இங்கேகூட எழுத மாட்டேன்.

தூக்கம் வராது. படிவம், கிளப் கடிதம், போல்ட் ரசீது எல்லாம் ஃபைலில். மூன்று தடவை பார்த்தாயிற்று.

மே 9, வெள்ளி

வெயில். பத்து மணிக்கு ஆபீசர். ஐம்பது வயதிருக்கும் அம்மா. வாசலிலேயே பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்தார். சேஃபை இரண்டு கையாலும் பிடித்து ஆட்டினார், அசையவில்லை. பொட்டு என்ன என்று கேட்டார், சொன்னேன்.

அதே மூச்சில் மீதியையும் சொல்லிவிட்டேன். செவ்வாய்வரை இதில் நகை இருந்தது, சாவி மாமியாரிடம் இருந்தது, நேற்றுத்தான் என் கைக்கு வந்தது. அவர் எழுதுவதை நிறுத்தி என்னைப் பார்த்தார். பிறகு நிறைய எழுதினார். போச்சு என்று நினைத்தேன். ஆனாலும் சொன்னதற்கு வருத்தமில்லை.

கார்த்தியிடம் அரை மணி நேரம். வெளியே வந்தவன் காது சிவந்திருந்தது. அப்புறம், எதிர்பார்க்கவே இல்லை: மாமியாரும் இங்கேதானே இருக்கிறார், அவரிடமும் பேச வேண்டும் என்றார். நானோ கார்த்தியோ மொழிபெயர்க்கக் கூடாது. ஃபோனில் மொழிபெயர்ப்பாளரைப் பிடித்தார். எங்களை மாடிக்குப் போகச் சொன்னார்.

இந்த வீட்டில் சுவர் காகிதம் மாதிரி. படியில் உட்கார்ந்தோம். ஸ்பீக்கரில் ஒரு யாழ்ப்பாணத்துப் பெண் குரல்: "அம்மா, அந்தப் பெட்டியை உங்களாலை திறக்க ஏலுமோ எண்டு கேக்கிறா."

மூன்று நாளாக வீட்டில் கேட்க ஆளில்லாமல் அடக்கி வைத்திருந்தவர் அத்தை. கொட்டினார்.

"நான் எங்கீங்க தொறக்கறது? ரெண்டு சாவியும் அவகிட்ட. எங்க ஒளிச்சு வெச்சிருக்கான்னு எம்பையனுக்கே தெரியாது. நகை வெச்சிருந்தேன், அதையும் எடுக்க வெச்சுட்டா. பெரியவளாச்சேன்னு ஒரு மருவாதி இல்ல. கேட்டாலும் குடுக்க மாட்டாளுங்க. நான் சொல்றேன், யார் போய்க் கேட்டாலும் குடுக்க மாட்டா."

கார்த்தி தலையில் கை வைத்துக்கொண்டான். கீழே அந்தக் குரல் ஆங்கிலத்தில் வரி விடாமல் சொல்கிறது. ஆபீசர் திரும்பக் கேட்கிறார்: யார் கேட்டாலுமா? அத்தை: "யார் கேட்டாலும்."

பேனா ஓடும் சத்தம்.

போகும்போது ஆபீசர் வாசலில் பூட்ஸ் கயிறு கட்டிக்கொண்டே சொன்னது: சேஃப் சரி, சாவி சரி, என் பக்கம் ஆட்சேபணை இல்லை, கடிதம் பிறகு வரும். மாமியாரின் புகாரை ஒரு வார்த்தை மாற்றாமல் அறிக்கையில் சேர்ப்பாராம். இத்தனை வருஷத்தில் இதைவிட நல்ல சாட்சி கிடைத்ததில்லையாம்.

மாலை நாலு மணிக்கு ஜெ.க்கு மெசேஜ்: தேறிவிட்டேன். பதில்: "ஓம். அனுமதி வரும்வரை என்ரை பெட்டியிலை இருக்கும். கிளென்ஃபீல்ட் ஆளுக்கு இல்லை எண்டு சொல்லியாச்சு." கூடவே ஐந்து மேகசினும் வரிசையாக நிற்கும் படம். ரூம் கதவைச் சாத்திக்கொண்டு குதித்தேன்.

ஆறரை மணி. அத்தை கதவைத் தட்டினார். கையில் சூட்கேஸ். மூன்று நாளில் முதல் தடவையாக நேராக என்னிடம்:

"அந்தம்மாதான் போயாச்சல்ல. சாவியக் குடு கண்ணு, நகைய உள்ள வெச்சரலாம்."

"யார் கேட்டாலும் குடுக்க மாட்டாள்னு நீங்கதானுங்களே சொன்னீங்க, அத்தை."