வியாழக்கிழமை கடைசிப் பீரியட்

என் அருமைக் கனி,

பங்காளிக்குக் கடிதம் எழுதும் வழக்கம் நம் குடும்பத்தில் யாருக்கும் கிடையாது. நீ இருந்தபோது நாம் நேரில் பேசியதே குறைவு. ஒரே பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார், நீ டிராயிங் வாத்தியார். பங்காளிக் காய்ச்சல் என்று ஸ்டாஃப் ரூமில் சிரிப்பார்கள். காய்ச்சல் எனக்குத்தான் இருந்தது. உனக்கு அது இருந்த மாதிரியே தெரியவில்லை. அதுவும் எனக்கு எரிச்சல்தான்.

நீ போய் நாலு மாசம் ஆகிறது. உன் இடத்துக்கு ஆள் போடவில்லை. கடைசியாக மிஞ்சியிருப்பது எட்டாம் வகுப்பின் ஒரே ஒரு டிராயிங் பீரியட். வியாழக்கிழமை கடைசி. "சும்மா பாத்துக்கோங்க" என்று ஹெச்.எம். அதை என்னிடம் தந்திருந்தார். போன வாரம் கூப்பிட்டு, அதைக் கணக்குக்கே மாற்றிவிடலாம், திங்கட்கிழமைக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள் என்றார். போட்டுவிட்டால் நம் பள்ளியில் டிராயிங் என்று ஒன்று இருக்காது.

இந்த நாளுக்காகத்தானே வருஷக்கணக்காகக் காத்திருந்தேன்?

உன்மேல் எனக்குள்ள குறைகளைச் சொல்லிவிடுகிறேன். நான் எம்.எஸ்ஸி. நீ பன்னிரண்டாம் வகுப்பை இரண்டாவது தடவையில் தாண்டியவன். ஆனால் நீ செத்த அன்று உன் எடுப்புக்கு, உன்னிடம் படித்தவர்கள் அச்சகத்திலிருந்தும் பட்டாசுக் கம்பெனியிலிருந்தும் அரைநாள் லீவு போட்டு வந்தார்கள். ஒருத்தன் உன் காலைப் பிடித்துக்கொண்டு அழுதான். அவன் என்னிடமும் மூன்று வருஷம் படித்தவன். என்னைப் பார்த்து, "சார், நல்லாருக்கீகளா?" என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டான். செத்தவன்மேல் பொறாமைப்பட்டுக்கொண்டு ஒருத்தன் மாலையோடு நின்றான் என்றால் அது நான்தான்.

பரீட்சை நெருங்கினால் உன் வகுப்பு வாசலுக்கு வருவேன். போர்ஷன் முடியவில்லை, பீரியடைக் கொடு என்பேன். நீ ஒருநாளும் மறுத்ததில்லை. "எடுத்துக்கோங்கண்ணே" என்று பிரஷ் டப்பாவைத் தூக்கிக்கொண்டு போய்விடுவாய். நாற்பது முகங்கள் என்னை முறைக்கும். ஒரே ஒரு தடவை நீ முடியாது என்று சொல்லியிருக்கக் கூடாதா? பீரியடை எனக்குக் கொடுத்துவிட்டு, நல்லவன் என்ற பேரை நீ வைத்துக்கொண்டாய்.

அப்புறம் அந்தப் படம். என் மகள் தேன்மொழி எட்டாம் வகுப்பில் உன்னிடம் இருந்த வருஷம். முகத்தை வரையாமல் ஒரு ஆளை வரையுங்கள், பார்த்தவுடன் யாரென்று தெரிய வேண்டும் என்று ஒரு பயிற்சி கொடுத்தாய். ஒருத்தி அவள் அம்மாவின் பட்டாசு மருந்துக் கறை ஏறிய விரல்களை வரைந்தாள். ஒருவன் அப்பாவின் சைக்கிளை. தேன்மொழி பாதி திறந்த கதவை வரைந்து, அதன் ஓரத்தில் சாக்பீஸ் பிடித்த ஒரு கையை வரைந்திருந்தாள். வேறொன்றும் இல்லை. வகுப்பே ஒரே குரலில் "கணக்கு சார்" என்றதாம்.

நீ அதை வகுப்புச் சுவரின் நடுவில் ஒட்டினாய்; இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் கேட்டதற்கு, "கை எம்புட்டு நல்லா வந்திருக்கு பாருங்கண்ணே" என்றாய். நீதான் அவளைத் தூண்டிவிட்டாய் என்று இரண்டு வருஷம் உன்னோடு பேசவில்லை. பெற்ற மகளுக்கு நான் வெறும் கையாகத் தெரிந்ததை வேறு யார் தலையில் போடுவது?

நேற்று வியாழன். உள்ளே போனதும் முன்வரிசைப் பிள்ளை ஒருத்தி எழுந்தாள். "சார், கணக்கு நோட்டு எடுக்கவா, டிராயிங் நோட்டு எடுக்கவா?" கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள். கனி சார் வகுப்பில் என்ன செய்வீர்களோ அதைச் செய்யுங்கள் என்றேன்.

பைகளிலிருந்து அச்சகத்து வேஸ்ட் ஷீட்டுகள் வந்தன. ஆடி பதினெட்டுக்கு அடுத்த வருஷக் காலண்டர்களின் மாதிரி ஆல்பம் வர வேண்டுமே, இப்போது எல்லா அச்சகத்திலும் மலையாகக் கிடக்கிறது. கலர் சரிபார்க்க ஒரே தாளைத் திரும்பத் திரும்ப மெஷினில் விட்டதில், முருகன்மேல் பட்டாசு லேபிள், அதன்மேல் சோப்பு உறை. அட்டையில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு ஜன்னல் வெட்டி, அதைத் தாளின்மேல் நகர்த்தி, அழகான இடம் கண்ணில் பட்டதும் நிறுத்தி, அதைப் பெரிதாக வரைய வேண்டுமாம். நானும் ஒரு அட்டை வாங்கினேன். பொழுது போக வேண்டுமே.

மயில் கழுத்தின் நீலத்தில் ஒரு திரியின் சிவப்பு நுனி ஏறிய இடத்தில் என் ஜன்னல் நின்றது. பென்சிலை எடுத்தேன். அதற்குப் பிறகு வகுப்பை நான் பார்க்கவே இல்லை.

"சார் படத்தையும் சுவத்துல ஒட்டலாமா?" என்றாள் அந்தப் பிள்ளை.

"வேணாம் பிள்ள. கனி சார் இருந்தா சிரிப்பாக" என்றான் பின்னால் ஒருவன். செத்தும் நீ அந்த வகுப்பை எனக்கு விடவில்லை.

அப்போதுதான் கதவு பாதி திறந்தது. ஓரத்தில் ஒரு கை. சாக்பீஸ் பிடித்த கை. அறிவியல் டீச்சர். "சார், போர்ஷன் முடியல. இன்னைக்குப் பீரியடைக் கொஞ்சம் தர்றீகளா?"

உள்ளே உட்கார்ந்து பார்த்தால் அது அப்படித்தான் தெரிகிறது, கனி. முகமே தெரியவில்லை. தேன்மொழி எதையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை.

"தர முடியாது டீச்சர்" என்றேன். "படம் பாதியில நிக்கி."

நாற்பது பிள்ளைகளும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். உன்னை எத்தனையோ விதமாகப் பார்த்திருப்பார்கள். இப்படிப் பார்த்திருக்க வழியில்லை. நீ ஒருநாளும் சொல்லாத வார்த்தை அது.

தேன்மொழி இப்போது ஒரு அச்சகத்தில் பெட்டி டிசைன் பண்ணுகிறாள், உன் புண்ணியத்தில். சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும், "கையெழுத்துப் போட்டுட்டீகளாப்பா?" என்றாள். என் கையைத்தான் பார்த்தாள். இல்லை என்றேன்.

உனக்காக என்று நினைத்துக்கொள்ளாதே. அந்தப் பீரியடை எடுத்துவிட்டால், கனி சார் காலத்தோடு டிராயிங் போச்சு என்று இந்த ஊர் காலமெல்லாம் பேசும். உனக்குப் போட்டியே இல்லாமல் போய்விடும். அதை நான் விட மாட்டேன்.

திங்கட்கிழமை அந்தத் தாளை வெறுமையாகவே திருப்பிக் கொடுப்பேன். வியாழக்கிழமை கடைசிப் பீரியடை யார் வந்து கேட்டாலும் தர மாட்டேன். என் மயிலையும் தேன்மொழியின் கைக்குப் பக்கத்தில் ஒட்டப்போகிறேன். முடிந்தால் வந்து சிரி.

இன்னும் காய்ச்சல் தணியாத உன் பெரியப்பா மகன்,
தங்கப்பாண்டி