என் பெயரில் பதினான்கு கருத்து

ஜனவரி 9

அன்புள்ள சின்னவனுக்கு,

அப்பா எழுதுகிறேன். ஓர் எழுத்து மேலே ஏறும், ஓர் எழுத்து கீழே இறங்கும், பொறுத்துக்கொண்டு படி. கோடு போட்ட தாள்தான், ஆனால் என் கை கோட்டை மதிக்க மாட்டேன் என்கிறது. இந்த மூன்று வரிக்கே ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. எழுபத்தொரு வயதில் முதல் கடிதம், உனக்குத்தான்.

நூலகத்தில் சாயங்கால வகுப்புக்குப் போகிறேன் என்று சொன்னபோது நீ நம்பவில்லை. இப்போது தெருவில் இருக்கிற பலகை எல்லாம் என்னோடு பேசுகிறது. முனை வீட்டு கேட்டில் ‘நாய் கடிக்கும்’ என்று எழுதியிருக்கிறது. இத்தனை வருஷமாக அந்த கேட்டில் சாய்ந்துதான் இளைப்பாறியிருக்கிறேன்.

சந்தை வாசலில் நகராட்சி வைத்த பேனரில் என் படம் இன்னும் இருக்கிறது. இரண்டு மாதம் ஆகிறது. முப்பது வருஷம் சந்தைக் கழிப்பறையைக் கழுவியவனுக்கு இப்போதாவது மரியாதை செய்தார்களே. படத்துக்குக் கீழே நீளமாக என்னவோ எழுதியிருக்கிறது. அவ்வளவு பெரிய சொற்கள் இன்னும் எனக்குப் பிடிபடவில்லை. யாரையும் படித்துக் காட்டச் சொல்லவில்லை. நானே படிக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன்.

ஒரு குறை. சந்தையில் யாரும் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மீன்காரம்மாவுக்கு வணக்கம் சொன்னால், “வாங்க பெரிய மனுஷரே” என்று சொல்லிவிட்டு மீனை வெட்டப் போய்விடுகிறாள். படம் போட்ட பொறாமையாக இருக்கும்.

பதில் போடு. அச்சில் போடு, கையெழுத்து படிக்க இன்னும் வரவில்லை. அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.

உன் அப்பா


ஜனவரி 16

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். ஆபீசில் எல்லோருக்கும் காட்டினேன். ரொம்ப சந்தோஷம். ஆனால் கண்ணைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

முட்டி வலியோடு சந்தைவரை எதற்கு நடக்கிறீர்கள்? வேண்டியதை வீட்டுக்கே கொண்டுவரச் சொல்கிறேன். அந்த பேனரில் பெரிதாக ஒன்றுமில்லை. ஊர்க் காரியங்களில் மக்கள் போனிலேயே கருத்துச் சொல்ல எங்கள் கம்பெனி ஒரு தளம் நடத்துகிறது என்று சொன்னேன் அல்லவா, அதற்கான விளம்பரம். அடுத்த மாதம் எடுத்துவிடுவார்கள்.

பேசாமல் இங்கே வந்து ஒரு மாதம் என்னோடு இருங்கள். டிக்கெட் போடட்டுமா?

அன்புடன்,
சின்னவன்


ஜனவரி 25

சின்னவனுக்கு,

போன தடவையைவிட எழுத்து மோசமாக இருக்கும்.

செவ்வாய்க்கிழமை அந்த பேனரைப் படித்து முடித்தேன். அரை மணி நேரம் வெயிலில் நின்று, எழுத்து எழுத்தாக. இதுதான் இருந்தது: ‘முப்பது வருஷம் இங்கே வேலை செய்தவன் நான். இந்த நாற்றம் எனக்குத் தெரியும். கழிப்பறையை இடித்துவிட்டு நீரூற்றுப் பூங்கா அமையுங்கள். இது மக்களின் குரல்.’

முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஒரு சொல்கூட விடாமல் படித்துவிட்டேனே என்று. பிறகுதான் என்ன படித்தேன் என்பது உறைத்தது. முப்பது வருஷம் அடைப்பு எடுத்திருக்கிறேன், ஒரு நாள் வாந்தி எடுத்ததில்லை. அன்று என் படத்துக்குக் கீழேயே உட்கார்ந்து எடுத்தேன்.

காலையில் வந்தால் பொழுது சாயும்வரை கடையை விட்டு நகர முடியாத நாற்பது பெண்களுக்கு அந்த ஓர் இடம்தான் இருக்கிறது. அதை இடிக்கச் சொன்னது நானாம். இரண்டு மாதமாக அந்த பேனரை ஒட்டி நின்றுகொண்டு அவர்களைப் பார்த்துப் பல்லைக் காட்டியிருக்கிறேன்.

வகுப்பு டீச்சரம்மா என் போனில் அந்தத் தளத்தைத் திறந்து காட்டினார். என் பெயரில் பதினான்கு கருத்து. தெருக்கடைகளை எடுக்கச் சொல்கிறேன். பஸ் நிறுத்தத்தைத் தள்ளி வைக்கச் சொல்கிறேன். ஒன்றில், ‘இடது முட்டி வலியால் அவதிப்படும் முதியவன்’ என்று இருக்கிறது. எந்த முட்டி என்று உன் ஒருவனிடம்தான் சொல்லியிருக்கிறேன்.

போன வருஷம் வந்தபோது, “பென்ஷனுக்குப் பதியணும், குடுங்கப்பா” என்று போனை ஒரு நாள் முழுக்க வாங்கி வைத்துக்கொண்டாய். என்னைச் சுவரோரம் நிறுத்திப் படம் பிடித்தாய். சட்டைப் பொத்தானைக்கூட நீதான் போட்டுவிட்டாய்.

நீயா? ஒரு வரி எழுது, போதும்.

அப்பா


பிப்ரவரி 3

அப்பாவுக்கு,

நான்தான்.

ஒவ்வொரு விஷயத்துக்கும் முந்நூறு பேராவது எழுதினால்தான் மக்களைக் கேட்டதாக நகராட்சி கணக்கில் எடுத்துக்கொள்ளும். கழிப்பறை விஷயத்தில் எழுதியது அறுபத்தொரு பேர். “வீட்ல இருக்கறவங்க பேர்ல ஆளுக்குக் கொஞ்சம் போட்டு விடுங்கப்பா” என்றார் மேலதிகாரி. எல்லோரும் போட்டோம். உங்களுடையதைப் பொறுக்கி எடுத்து பேனர் வைப்பார்கள் என்று எனக்குத் தெரியாது.

ஆனால் நான் பொய் எழுதவில்லை. “நாத்தம் உசுரை வாங்குதுடா” என்று எத்தனை தடவை சொல்லியிருக்கிறீர்கள். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பள்ளிக்கூடத்தில் என்னை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. “டேய் கக்கூஸ்” என்றுதான் கூப்பிடுவார்கள். அந்தக் கட்டடம் இல்லாமல் போகட்டும் என்று பத்து வயதிலிருந்தே நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டாம் தேதி நகராட்சிக் கூட்டத்தில் முடிவெடுக்கிறார்கள். தயவுசெய்து அங்கே போய் எதுவும் சொல்லாதீர்கள். என் வேலை போய்விடும்.

சின்னவன்


பிப்ரவரி 14

அன்புள்ள சின்னவனுக்கு,

இந்த வாரம் நிறைய எழுதியதில் விரல் வீங்கிவிட்டது. அதனால் இந்தக் கடிதமும் கோணல்தான்.

நாற்றம் உயிரை வாங்குகிறது என்று நான் சொன்னது உண்மை. உடைந்த குழாயை மாற்றச் சொல்லித்தான் வருகிற மேஸ்திரியிடம் எல்லாம் அதைச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் உன்னை அப்படிக் கூப்பிட்டது எனக்குத் தெரியாது. கடிதத்தில் அந்த இடத்தைத் தாண்டிப் படிக்க ஒரு நாள் ஆயிற்று. அன்றைக்கே என்னிடம் சொல்லியிருக்கலாம். என்னிடம் சொல்லாததை என் வாயாலேயே ஊருக்குச் சொல்லியிருக்கிறாய்.

மீன்காரம்மாவிடம் போய் நடந்ததைச் சொன்னேன்.

“உங்க பையன் ஆபீஸ்ல கக்கூஸ் இருக்கா?” என்றாள்.

“இருக்கும்.”

“அதை இடிக்கலாமான்னு எங்களை ஒரு வார்த்தை கேக்கச் சொல்லுங்க. நாங்களும் போன்ல கருத்து சொல்றோம்.”

பக்கத்துக் கடைக்காரிகள் எல்லோரும் சிரித்தார்கள். மூன்று மாதத்துக்குப் பிறகு எனக்கு உட்கார ஒரு பெட்டியைத் தள்ளிவிட்டாள்.

கழிப்பறையைப் பற்றித் தளத்தில் நானே எழுதலாம் என்று டீச்சரம்மாவோடு உட்கார்ந்தேன். ‘நீங்கள் ஏற்கெனவே கருத்துத் தெரிவித்துவிட்டீர்கள், நன்றி’ என்று வந்தது. நானே படித்தேன். படித்துவிட்டு போன் மேலேயே துப்பினேன். பிறகு துடைத்தேன்.

அதனால் தாளில் எழுதினேன். ஒரு பக்கம், மூன்று நாள். பன்னிரண்டாம் தேதி கூட்டத்துக்கு நாற்பது பேரும் கடையை மூடிவிட்டு என்னோடு வந்தார்கள். எழுந்து நின்று விரல் வைத்துப் படிக்க ஆரம்பித்தேன். தலைவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு, “குடுத்துட்டுப் போங்க பெரியவரே, நாங்க படிச்சுக்கறோம்” என்றார். “நீங்க படிச்ச லட்சணத்தைப் பாத்தாச்சு, நானே படிக்கறேன்” என்றேன். பதினான்கில் ஒன்றுகூட என்னுடையது அல்ல, குழாயை மாற்றுங்கள், கட்டடத்தைத் தொடாதீர்கள். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

“அப்ப யார் எழுதினது?” என்று கேட்டார்கள். நீ கேட்டுக்கொண்டது எனக்கு நினைவில் இருந்தது. தாளைப் பார்த்தேன். அதில் இதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. என் மகன் என்று சொன்னேன்.

முடிவைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். பேனரை அவிழ்த்துவிட்டார்கள். மீன்காரம்மா அதை வாங்கிக் கடைக்குக் கூரையாகக் கட்டிக்கொண்டாள். பெட்டியில் உட்கார்ந்து மேலே பார்த்தால் நான் தெரிகிறேன்.

உன் வேலை போனால் இங்கே வா. உன் கட்டில் அப்படியே கிடக்கிறது. வந்தால் முதலில் சந்தைக்குத்தான் போவோம், அவர்கள் கேட்பதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும்.

நீ வாங்கிக் கொடுத்த போனைத் தனியாக பார்சலில் அனுப்பியிருக்கிறேன். சிம்மை எடுத்து உடைத்துவிட்டேன். இனி நான் சொல்வது எதுவானாலும் இந்தக் கையால்தான் வரும். கோணலாக இருந்தால் அது என்னுடையது என்று வைத்துக்கொள்.

அடுத்த வாரம் மறுபடி எழுதுகிறேன்.

உன் அப்பா